பாகவதரை ஆட வைத்த கனகம்மா

தம்புராவுக்குத் தந்தி வாங்கலாமென்று திருப்பதிக்குப் போயிருந்தேன். கடை திறக்கவில்லை. அதுவரை வசந்தாவின் பூக்கடையில் உட்காரலாமென்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். நம் தோப்பு முகாமில் ஆடிய வசந்தாவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எப்போது போனாலும் "வாங்க மாமா, குந்துங்க" என்று முக்காலியைத் தள்ளிப் போடுகிற பெண், அன்று என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாமா, உங்களுக்கு யாரும் சொல்லலியா? நம்ம கனகம்மா டீச்சரு பூட்டாங்க மாமா. காலையில காபி குடிச்சிக்கினு இருந்தாங்களாம். டம்ளரக் கீழ வச்சிட்டு, செவுத்துல சாஞ்சவங்கதானாம்."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "யார் சொன்னது உனக்கு? போன மாதம்தானே சித்தூர் கல்யாணத்தில் என்னைப் பார்த்து, பாகவதரே, இன்னும் மூட்டை மாதிரியே கீறீங்களேன்னு கேட்டாங்க? அப்படிக் கேட்டவங்க எப்படிச் சாக முடியும்?" என்று அந்தப் பெண்ணிடம் சண்டைக்குப் போனேன். அவள் கடையிலிருந்த பூ முழுவதையும் ஒரு கூடையில் கொட்டினாள். சாமந்தி, மல்லி, கனகாம்பரம் எல்லாம் ஒன்றாக. அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் இருந்த சந்திரகிரிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு நிஜமென்று உறைத்தது. கனகம்மா போய்விட்டார். இனி என்னோடு சண்டை போட ஆளில்லை.

கனகம்மாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் உங்கள் வீட்டு மருமகளோ பேரனோ படிக்கலாம். அவர்களுக்காக நம் தோப்பைப் பற்றி இரண்டு வார்த்தை.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தில், வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும் ஆற்றை ஒட்டி ஒரு மாந்தோப்பு. வாரிசு இல்லாத ஒரு புண்ணியவான் அதை ஒரு அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மரம் வெட்டக்கூடாது. செங்கல் கட்டடம் எழுப்பக்கூடாது. லாபம் பார்க்கக்கூடாது. வருகிறவரிடம் சாதி கேட்கக்கூடாது. பட்டணத்து இரைச்சலில் காது புளித்தவர்கள் ஓலைக் கொட்டகையில் நாலு நாள் தங்கி, மரத்தையும் மலையையும் பார்த்துவிட்டுப் போவார்கள். மாங்காய் பழுக்கிற கோடையில் மட்டும் பிள்ளைகளுக்குச் சங்கீத, நாட்டிய முகாம். பாட்டுக்கு நான். ஆட்டத்துக்குக் கனகம்மா. இரண்டு பேரையும் கட்டி மேய்க்க, அறக்கட்டளையின் காரியதரிசி நாயுடுகாரு.

நானும் கனகம்மாவும் முதல் நாளே முட்டிக்கொண்டோம். தோப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விடியற்காலையில், வெயில் மலையைத் தாண்டி மரத்தின்மேல் விழும்வரை, மனிதர் யாரும் வாய் திறக்கக்கூடாது. அது பறவைகளின் நேரம். எனக்கோ விடியற்காலையில் 'ஆ' என்று குரலை இழுத்து அகார சாதகம் பண்ணாவிட்டால் அன்று முழுவதும் தொண்டை திறக்காது. தஞ்சாவூர்ப் பக்கம் போய் அடி வாங்கிக் கற்றுக்கொண்ட வித்தை இது, காக்கைக்கும் குருவிக்கும் பயந்து நிறுத்துவதா? முதல் நாள் கிணற்றடியாகத் தேடிப்போய்ச் சத்தமாக ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு ஈர மண்ணுருண்டை வந்து முதுகில் விழுந்தது. திரும்பினால், வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டு, ஒல்லியாக, நெட்டையாக ஒரு அம்மாள். வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

வெயில் ஏறிய பிறகு நேரே போய்க் கேட்டேன். "என்னம்மா, வித்வானை மண்ணால் அடிப்பதுதான் உங்கள் ஊர் மரியாதையா?"

"இருங்க சாமி, கோச்சிக்காதீங்க. குயிலு கச்சேரி பண்ணிக்கினு இருந்திச்சி. அது முடிக்கறதுக்குள்ள நீங்க எழுந்து பாடினா அதுக்கு இன்னா மரியாத? அதும் வித்வான்தானே?"

பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கோடை முழுவதும் விடியற்காலையில் வாயை மூடிக்கொண்டு கிடந்ததில், குயில் எந்த இடத்தில் மூச்சு விடுகிறது என்பது எனக்கு அத்துப்படியாகிவிட்டது. என் பாட்டில் இடைவெளி வந்தது அதற்கப்புறம்தான். அதற்கு முன்னால் நான் மூச்சு விடாமல் பாடிக் கேட்கிறவர்களுக்கு மூச்சு முட்ட வைத்துக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பார்.

கனகம்மாவின் அம்மா கோயிலில் ஆடியவர். அதை அவர் மறைத்ததே இல்லை. யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால், இவர் குரலை உயர்த்திப் பதில் சொல்வார். வசந்தாவின் நைனா முனுசாமி, கடலைக்காய் போடுகிற விவசாயி, மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலியோரமே நின்றுகொண்டிருந்தார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. கனகம்மா அவரிடம் போனார்.

"இன்னாண்ணா நின்னுக்கினே கீறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. ஊர்ல தப்பாப் பேசறாங்க. பொம்பளப் புள்ளய ஆட அனுப்பறியே, அதும் யாருகிட்டன்னு..."

"எங்கிட்டதான். தப்பாப் பேசறவங்க ஊர்ல கீறாங்க. நீங்க இங்க குந்திப் பாருங்க. முகாம் முடியற வரிக்கும் இருங்க. களி துன்னுங்க. தப்பு எதனா கண்ணுல பட்டா புள்ளயக் கூட்டிக்கினு போங்க, நான் பஸ்ஸு ஏத்தி வுடறேன்."

முனுசாமி இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். நாங்கள் ஆடுவது ஆற்று மணலில். மணல் காய்ந்தால் கால் புதையும், ஈரம் அதிகமானால் வழுக்கும். பார்த்துக்கொண்டே இருந்தவர், மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு மணலுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார். அப்புறம் அதுவே அவர் உத்தியோகமாகிவிட்டது. வருஷா வருஷம் மகளுக்கு முன்னால் அவர் வந்து நிற்பார்.

மணல் என்றதும் சித்தூர்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்த யாரோ, சித்தூரில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிட்டார்கள். லாரி பிடித்துப் போனோம். பெரிய மண்டபம், பலகை மேடை. மணலில் கால் தட்டினால் சத்தம் வராதல்லவா? அதனால் கனகம்மா பிள்ளைகளிடம், "மணலு பதில் சொல்லாது, நீதான் சொல்லணும், ஓங்கித் தட்டு" என்று சொல்லிச் சொல்லியே பழக்கியிருந்தார். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து முதல் தட்டுத் தட்டினார்கள் பாருங்கள், ஐயோ! பலகை இடிந்து விழுந்ததென்றுதான் முன்வரிசைப் பெரிய மனிதர்கள் எழுந்துவிட்டார்கள். மிருதங்கம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. நான் பாடியது எனக்கே கேட்கவில்லை. பிள்ளைகள் மிரண்டு போய்ப் பாதியில் நின்றார்கள். பலகை இப்படிச் சத்தம் போடுமென்று முன்பே தோன்றவில்லையே என்று எனக்கு மானம் போயிற்று. திரும்புகிற லாரியில் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தோம். கனகம்மா மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரென்று நினைத்து வசந்தா தோளைத் தொட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "வுடுங்கடி. நாம வந்து கீறோம்னு சித்தூருக்கே தெரிஞ்சிபோச்சு இல்ல?"

அதற்கப்புறம் முகாமின் நிறைவு விழாவைத் தோப்பு மணலிலேயே வைத்துக்கொண்டோம். பார்க்கிறவர்கள் இங்கே வரட்டும் என்றார். வந்தார்கள். சாயங்காலத்தில் சுற்றுப்பட்ட கிராமமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வரும்.

இப்போது என் மானத்தை வாங்கிய விஷயத்துக்கு வருகிறேன். முகாமில் "மாற்று நாள்" என்று ஒன்று வைத்தவர் கனகம்மாதான். நிறைவு விழாவுக்கு முந்தின நாள், பாடுகிறவர்கள் ஆட வேண்டும், ஆடுகிறவர்கள் பாட வேண்டும். வெளியார் யாரும் கிடையாது, நமக்குள்தான். "அடுத்தவங்க கஷ்டம் தெரியணும்" என்பார். பாட்டுப் பிள்ளைகள் யாராவது தொண்டை சரியில்லையென்று மூலையில் சுருண்டால், "தொண்ட அடச்சிக்கினா இன்னா? காலு கீதில்ல? எழுந்து ஆடு" என்று இழுத்து வருவார். அவரும் பாடுவார். ஜதி சொல்லும்போது கணீரென்று இருக்கிற அதே குரல், பாட்டென்று ஆரம்பித்தால் ஓட்டைப் பானையில் கூழாங்கல் போட்டு உருட்டுவது போலிருக்கும். சுருதி ஒரு பக்கம் போகும், இவர் ஒரு பக்கம் போவார். கூச்சமே இல்லாமல் முழுப்பாட்டையும் பாடி முடிப்பார்.

எனக்குக் கூச்சம் உண்டு. என் தொந்தி ஊரறிந்தது. வித்வான் என்று நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுகிற மனிதன் முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால் என்ன ஆவது? ஒரு வருஷம் காய்ச்சல் என்றேன். இன்னொரு வருஷம் வயிறு சரியில்லை என்றேன். அதற்கடுத்த வருஷம், உலகத்தில் எந்த பாகவதரும் செய்யாத காரியத்தைச் செய்தேன். எலும்பு முறிந்தவர்களெல்லாம் தேடி வருகிற புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறதே என்று, என் சிநேகிதன் ஒருவனைப் பிடித்து, ஒன்றுமில்லாத காலுக்கு மூங்கில் பத்தையும் துணியும் வைத்து ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளைகளெல்லாம் "மாமாவுக்கு அடிபட்டுடுச்சி" என்று உருகினார்கள். நாயுடுகாரு தன் நாற்காலியைக் கொடுத்தார். கனகம்மா என் எதிரே வந்து உட்கார்ந்தார். தாளம் தட்டுகிற தட்டுக்கழியை எடுத்தார். ஆதி தாளத்தில் அருமையான ஒரு ஜதியை மெதுவாக ஆரம்பித்து, துரிதத்துக்குக் கொண்டுபோனார். நானும் ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். குனிந்து பார்க்கிறேன், புத்தூர்க் கட்டுப் போட்ட கால் ஜம்மென்று தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது!

"ஏமண்டி பாகவதர்காரு, எலும்பு அதுக்குள்ள கூடிடுச்சா?" என்று நாயுடுகாரு தன் நாற்காலியைத் திரும்பக் கேட்டார்.

கனகம்மா அன்று என்னை ஆட வைக்கவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஒரே ஓர் அடவைக் கற்றுக் கொடுத்தார். முதல் அடவு, தட்டடவு. அரைமண்டியில் நின்று தையா தை, தையா தை என்று பாதத்தைத் தட்டுவது. அவ்வளவுதான். "இத வச்சிக்கினு இருங்க. எப்பனா ஒதவும்" என்றார். எதற்கு உதவப் போகிறது என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே தட்டினேன்.

உதவிய வருஷத்தைத்தான் இனிச் சொல்ல வேண்டும். அது எல்லை பிரித்த வருஷம்.

ஆந்திரா தனி ராஜ்யமானதிலிருந்தே நம் பக்கத்தில் ஒரே புகைச்சல். சித்தூர் எங்களுக்கு, திருத்தணி எங்களுக்கு என்று இரண்டு தரப்பிலும் கூட்டம், கோஷம், கடையடைப்பு. கடைசியில் திருத்தணி சென்னைப் பக்கம் என்றும், சத்தியவேடு ஆந்திரப் பக்கம் என்றும் கோடு போட்டார்கள். நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. தோப்பும் நின்றது. கனகம்மாவின் வீடு இந்தப் பக்கம், அவருடைய அண்ணன் வீடு அந்தப் பக்கம் என்றாகிவிட்டது. "அண்ணி ஊறுகா கொடுத்தனுப்பினா இனிமே ராஜ்யம் தாண்டி வரும் பாகவதரே, பெருமதான்" என்று சிரித்தார். சிரித்த முகம் சிரித்தபடி இல்லை.

முகாம் நடந்துகொண்டிருந்தபோதே வாலிபர்கள் சிலர் வந்தார்கள். இது ஆந்திர மண், நிறைவு விழாவில் முதல் பாட்டுத் தெலுங்கில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் வேறு சிலர் வந்தார்கள். முதல் பாட்டுத் தமிழில் இல்லையென்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். இரண்டு தரப்பையும் எனக்குத் தெரியும். இவன் அப்பனும் அவன் அப்பனும் ஒரே கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்கள்.

நாயுடுகாரு எங்கள் இரண்டு பேரையும் மாமரத்தடிக்குக் கூப்பிட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அறக்கட்டளைப் பெரியவங்க கூடிப் பேசிட்டாங்க. விழாவில் ஒரு கல் விழுந்தாலும் சரி, முகாம் இதோட ஆகிபோயிந்தி. தோப்பு அமைதிக்காக எழுதி வச்ச இடம் அம்மா. சண்டைக்கு இடம் கொடுத்தா எழுதினவருக்குத் துரோகம். அப்படி ஆச்சுன்னா இனி பிள்ளைகள் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

கனகம்மா காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புருஷன் இல்லை, குழந்தை இல்லை. வருஷத்தின் மற்ற மாதங்களையெல்லாம் அவர் இந்தக் கோடைக்காகவே தள்ளிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். வேறெங்கும் அவரை "டீச்சர்" என்று கூப்பிட ஆளில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "எதனா யோசன பண்ணுங்க பாகவதரே. இது இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். மண்ணால் என்னை அடித்த அம்மாள் இப்படிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை.

யோசித்தேன். எனக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. பாட்டே வேண்டாம்! முழு விழாவும் வெறும் ஸ்வரமும் ஜதியும். ச ரி க ம தமிழா, தெலுங்கா? தகதிமி எந்த ராஜ்யம்? யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? நாயுடுகாரு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கனகம்மா மட்டும், "ஜனங்க வண்டி கட்டிக்கினு வந்து ச ரி க மவா கேப்பாங்க?" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விழா அன்று சாயங்காலம் மணல் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் அந்த வாலிபர்கள், எதிர்ப்பக்கம் இந்த வாலிபர்கள். நடுவே குடும்பங்கள், மாம்பழக் கூடைகள், அழுகிற குழந்தைகள். முனுசாமி மணலைப் பதமாக நனைத்து வைத்திருந்தார். முதல் ஜதி நன்றாகப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் ஜனம் நெளிய ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஸ்வரம் ஸ்வரமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு குரல் எழுந்தது. அது அந்தத் தரப்புமில்லை, இந்தத் தரப்புமில்லை. நம் முனுசாமி.

"இன்னா பாகவதரே, நாக்க திருத்தணியில வச்சிட்டு வந்துட்டீங்களா? பாட்டு எங்க?"

அவ்வளவுதான். "தமிழ்ப் பாட்டு பாடு!" என்று ஒரு பக்கம் எழுந்தது. "தெலுகு பாட்டா பாடண்டி!" என்று மறுபக்கம் எழுந்தது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள். நாயுடுகாரு என்னிடம் ஓடி வந்து, "ஏதாவது பாடுங்க, சீக்கிரம்" என்றார். எதைப் பாடுவது? முதலில் எதைப் பாடினாலும் மறுபாதி எழுந்து வரும். ஒரு வாலிபன் குனிந்து கையில் எதையோ எடுத்தான். என் தொண்டை அடைத்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு எந்த மொழியிலும் ஒரு பாட்டும் ஞாபகமில்லை.

கனகம்மா தட்டுக்கழியைக் கீழே வைத்தார். எழுந்து மணலின் நடுவே வந்து நின்றார்.

"எல்லாரும் குந்துங்க! இன்னிக்கி எங்க முகாம்ல மாத்து நாளு. பாடறவங்க ஆடுவாங்க, ஆடறவங்க பாடுவாங்க. நான் பாடறேன். பாகவதர் ஆடுவாரு."

மாற்று நாள் நேற்றே முடிந்துவிட்டது. அது வெளியாருக்குக் கிடையாது. நான் தலையை ஆட்டி மறுத்தேன். கிட்டே வந்து என் துண்டை உருவினார். "தொண்டதான அடச்சிக்கினு கீது? காலு கீதில்ல? எழுந்திருங்க. முகாமே போவப்போவுது, உங்க தொந்தியா பெரிசு?"

அந்த ஓட்டைப் பானைக் குரலில் பாட ஆரம்பித்தார். கச்சேரிப் பாட்டு இல்லை, நடவுப் பாட்டு.

"நாத்துக் கட்டு எறங்கிடுச்சி, நாலு பேரும் வாங்கம்மா..."

அடுத்த வரி:

"நீள்ளு வச்சே காலுவலோ, நடும் வஞ்சி நாட்டண்டம்மா..."

கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, இடுப்பை வளைத்து நடுங்கள் என்று முதல் வரிக்கு இரண்டாம் வரி பதில். நம் பக்கத்துக் கழனிகளில் பெண்கள் இரண்டு வரிசையாக நின்று நடுவார்கள். இந்த வரிசை தமிழில் எடுத்துக் கொடுத்தால் அந்த வரிசை தெலுங்கில் வாங்கிக்கொள்ளும். எது எந்த மொழி என்று அவர்களிடம் கேட்டால், "நடவுப் பாட்டு" என்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு. எனக்கு ஏன் தோன்றவில்லை? வித்வானாயிற்றே, எனக்கு எப்படித் தோன்றும்!

மூன்றாவது வரியைக் கனகம்மா பாடவில்லை. கூட்டத்திலிருந்த பெண்கள் பாடினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்ப எழுந்தவர்கள், நின்றபடியே எடுத்தார்கள். நாலாவது வரி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. சுருதி இல்லாத கனகம்மாவின் குரலை அத்தனை குரல்களும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போயின.

நான் ஆடினேன். வேறென்ன செய்ய? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரைமண்டியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே அடவை ஆடினேன். தையா தை, தையா தை. கால் இங்கே தட்டினால் தொந்தி அரைத்தாளம் கழித்து வந்து சேர்ந்தது. முதலில் சிரித்தது வசந்தா. பிறகு முனுசாமி, காலியான குடத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த வாலிபன், கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். போட்டது மாங்கொட்டையா, கல்லா என்று நான் பார்க்கவில்லை. மனசாரச் சொல்கிறேன், எந்தக் கச்சேரியிலும் ஜனம் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் நிறுத்தியதும், தெலுங்குப் பாட்டுக் கேட்டவர்கள் "பாகவதர்காரு, மள்ளீ!" என்றார்கள். தமிழ்ப் பாட்டுக் கேட்டவர்கள் "இன்னொரு தபா!" என்றார்கள். அன்று இரண்டு தரப்பும் ஒரே குரலில் கேட்டது அது ஒன்றைத்தான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. ஆகவில்லை. அடுத்த கோடையில் சில குடும்பங்கள் வரவில்லை. சிலர் வீட்டை விற்றுக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். ஆனால் தோப்பின் படலை நாயுடுகாரு திறந்தே வைத்திருந்தார். பிள்ளைகள் வந்தார்கள், முனுசாமி குடத்தோடு வந்தார், கனகம்மாவை "டீச்சர்" என்று கூப்பிடப் புதுக் குரல்கள் வந்தன. முழங்கால் ஒத்துழைக்கிற வரைக்கும் அவர் அந்த மணலை விடவில்லை. ஒத்துழைக்காமல் போன பிறகு, சந்திரகிரியில் தங்கை வீட்டோடு வந்து சேர்ந்தார். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் "அந்த அடவு கீதா, மறந்துட்டீங்களா?" என்று கேட்பார். "கீது, கீது" என்று நானும் அவர் பாஷையிலேயே பதில் சொல்லிவிட்டு வருவேன்.

அன்று சந்திரகிரி வீட்டு வாசலில் நானும் வசந்தாவும் இறங்கியபோது, முகாமில் ஆடியவர்கள் பலர் வந்திருந்தார்கள். சேதி கேட்ட கையோடு முனுசாமி கிடைத்த வண்டியில் ஏறி வந்திருந்தார். தலை முழுவதும் வெள்ளை. கனகம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகத்திலிருந்து அந்தக் குறும்பு போகவில்லை. வசந்தா கூடையைக் கவிழ்த்தாள். எடுக்கிற நேரம் வந்தபோது தங்கை என் பக்கம் திரும்பி, "அண்ணா, அக்காவுக்கு ஒரு பாட்டு பாடி அனுப்புங்க" என்றார்.

எத்தனை மேடை பார்த்தவன் நான். வாயைத் திறந்தேன். வரவில்லை. கனைத்துக்கொண்டு மறுபடியும் திறந்தேன். ஒரு எழுத்து வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். கனகம்மாவின் காலைப் பார்த்தேன். சலங்கை கட்டிக் கட்டிக் காய்த்துப் போன கணுக்கால். இரண்டு பெருவிரலையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். என் கட்டை அவிழ்த்துவிட்ட மனுஷி, தன் கட்டோடு படுத்துக்கொண்டிருந்தார்.

துண்டை இடுப்பில் கட்டினேன். அந்தச் சாவு வீட்டுக் கூடத்தில், இந்த வயதில், இந்தத் தொந்தியோடு, முழங்கால் மடங்கின மட்டும் மடக்கி, தரையில் தட்டினேன். தையா தை. யாரும் சிரிக்கவில்லை. தையா தை. என் பக்கத்தில் வசந்தாவின் கால் சேர்ந்துகொண்டது. பிறகு சுற்றி நின்ற கால்களெல்லாம். அது சிமெண்டுத் தரை, மணல் இல்லை. ஓங்கித் தட்டவே பழகிய கால்கள், வீடே அதிர்ந்தது. முனுசாமி நடவுப் பாட்டை எடுத்துக் கொடுக்க, பெண்கள் அடுத்த வரியை வாங்கிக்கொண்டார்கள். அப்படித்தான் அனுப்பினோம்.

கனகம்மாவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த ஓர் அடவுதான். விடியற்காலையில் குயில் முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். அது முடித்ததும், பாடுவதற்கு முன்னால், யாரும் பார்க்கவில்லையென்று தெரிந்துகொண்டு நாலு தட்டுத் தட்டுகிறேன். என்னைக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தொண்டை அடைத்தால் நான் நிறுத்த மாட்டேன். எழுந்து ஆடிவிடுவேன்.